தூண்டில்காரனுக்கு எதற்குச் சட்டம்?

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறோம். கேட்பதற்கு இனிய வாக்கியம். ஆனால், சமமில்லாத இருவரை ஒரே தராசில் நிறுத்துவதும் ஒருவகை அநியாயந்தான். அதை உணர்வதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை; குமரிக் கடற்கரைக்குப் போனால் போதும்.

அங்கே ஒருவன் தூண்டிலோடு கடலுக்குப் போகிறான். மலைமுகட்டையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரு நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாரின் மேல் மரத்தை நிறுத்துகிறான். கயிறு இறங்குகிறது. கொக்கிக்கு ஒரு மீன். அவன் கைக்கும் அதன் வாய்க்கும் நடுவே இருப்பது அந்தக் கயிறு ஒன்றுதான். இன்னொருவன் விசைப்படகில் இழுவலையோடு வருகிறான். அந்த வலை கடலின் தரையையே வாரிக்கொண்டு போகிறது. விலை போகாத குஞ்சுகளும் அதில் அகப்பட்டு மடிகின்றன. இருவரும் மீன் பிடிப்பவர்கள்தாம். இருவருக்கும் ஒரே விதி என்றால் முதலில் அழியப் போகிறவன் யார்?

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வேறுபாட்டை உணர்ந்தே எழுந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்றது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் 61 நாள் தடைக்காலத்திலும், எஞ்சின் இல்லாமல் போகிறவனுக்கு விலக்கு உண்டு. செய்கிற சேதத்துக்குத் தக்க கட்டுப்பாடு என்பது நல்ல அளவுகோலே.

ஆனால், இந்த இடத்தில் நம்மில் பலருடைய மனம் ஒரு படி தாவிவிடுகிறது. தீங்கு செய்யாதவனுக்குச் சட்டமே எதற்கு, பதிவு எதற்கு, உரிமம் எதற்கு, அவன் கடலின் பிள்ளையல்லவா என்று உருகுகிறோம். கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சபலம் அதிகம். கரையில் நின்று உருகுவதற்குச் செலவில்லை அல்லவா!

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. போனவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்குக்கே நாட்கள் ஆயின. காணாமற் போனவன் இறந்தவனாகக் கருதப்பட ஏழாண்டுகள் கழிய வேண்டும் என்பது பழைய விதி. கடல் கொண்டுபோன உடலுக்கு ஏழாண்டு காத்திருந்து எந்த மனைவி பிள்ளைகளுக்குச் சோறு போடுவாள்? அந்த விதியைத் தளர்த்தித்தான் நிவாரணம் தர வேண்டியிருந்தது.

ஏட்டில் பெயரில்லாமல் இருப்பது சுதந்திரம் என்று நினைத்தோம். அது அநாதரவின் இன்னொரு பெயர் என்பதை அந்தப் புயல் காட்டியது.

ஆகவே அளவுகோல் இரண்டு வேண்டும். பிறருக்கு விளைக்கும் சேதம் ஒன்று. தனக்கு நேரும் அபாயம் மற்றொன்று. முதலாவதில் தூண்டில்காரனின் பாரம் இலேசாக இருக்கட்டும். இரண்டாவதில் அவனுக்கு விலக்களிப்பது கருணையாகாது. கட்டுமரம் அருகி, எஞ்சின் மாட்டிய கண்ணாடியிழை வள்ளங்கள் வந்துவிட்டன. கரை கண்ணுக்கு மறையும் தூரம்வரை போகிறார்கள். மிதவைச் சட்டையும் செய்திக் கருவியும் இல்லாமல் இவர்களை அனுப்புவதற்குப் பாரம்பரியம் என்ற பெயர் பொருந்தாது.

ஆனால், அந்தக் கருவியின் விலையை யார் தருவது? இங்கேதான் சட்டம் எழுதுகிறவருக்குச் சோதனை. தொழிற்சாலையில் முதலாளி உண்டு, கூலி உண்டு. பொறுப்பை முதலாளி தலையில் வைக்கலாம். வள்ளத்தில் பங்கு முறை. கிடைத்ததில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, கருவிக்கு ஒரு பங்கு, போனவர்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. மீன் இல்லையென்றால் எல்லோருக்கும் இல்லை. வள்ளக்காரனும் அதே அலையில்தான் நனைகிறான். அவனை முதலாளியாகப் பாவித்து அபராதம் விதித்தால், அது அத்தனை பேருடைய சோற்றிலும் கைவைப்பதாகும்.

பிலிப்பைன்ஸ் நாடு 2007-இல் கைத்தூண்டில் மீன்பிடிப்புக்கென்றே தனிச் சட்டம் கண்டது. பெரிய கப்பலுக்கு எழுதிய விதி சிறு படகுக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்வதே ஒரு நாகரிகம்.

ஒருவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிற அரசு, அவன் திரும்பாத இரவில் அவனைத் தேடிப் போகவும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடமையை ஏற்காமல் உரிமச் சீட்டை மட்டும் நீட்டினால் அது வெறும் வசூல். ஏற்றுக்கொண்டு நீட்டினால், அந்தச் சீட்டை வாங்க மறுக்கும் உரிமை தூண்டில்காரனுக்கும் இல்லை. அவனுக்காகக் கரையில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.