கேட்காமல் நீளும் கை



"தம்பியை அடிக்காதே, அன்பாயிரு" என்று நாளொன்றுக்குப் பத்துத் தடவை சொல்லுகிறோம். பிள்ளை தலையாட்டுகிறது, மறுநிமிஷம் மறுபடியும் அடிக்கிறது. அன்பு என்கிற சொல்லுக்கு நாலு வயதுப் பிள்ளை என்ன அர்த்தம் கண்டது?

பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவு ஜனங்கள் இதில் நமக்கு வழிகாட்டக்கூடும். அவர்கள் 'அலோஹா' என்பது வந்தவர்க்கு வந்தனம் மாத்திரமன்று. அன்பும் இரக்கமும் அதற்குள் அடக்கம். 1986-ம் ஆண்டில் சட்டப் புத்தகத்திலேயே அலோஹாவின் குணங்களை எழுதி வைத்தார்கள். சட்டத்தால் அன்பு வருமா என்று சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். அவற்றில் முதலாவது 'அகஹாய்', அதாவது இளகிய மனதோடு காட்டும் தயவு.

எனக்கு அதிகமாய்ப் பிடித்தது அவர்களுடைய பழைய வீட்டு வழக்கம். குடும்பத்தில் மனஸ்தாபம் உண்டானால் 'ஹோபொனொபொனோ' செய்வார்கள். சரிப்படுத்துதல் என்று பொருள். குடும்பத்துப் பெரியவர் எல்லாரையும் கூட்டி உட்காரவைப்பார். முதலில் ஜெபம். பின்பு அவரவர் உள்ளதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குற்றஞ்செய்தவர் மன்னிப்புக் கேட்க, மற்றவர் மன்னித்து, கட்டை அவிழ்ப்பதுபோல் அந்தக் காரியத்தை விட்டுவிட வேண்டும். கடைசியில் சேர்ந்து சாப்பிடுவார்கள். நம் வீடுகளிலோ பிள்ளைகள் முன்பாகச் சண்டை போடுகிறோம். சமாதானமாவதை மட்டும் அவர்கள் காணாமல் செய்கிறோம்.

'கோக்குவா' என்று இன்னொரு சொல்லுண்டு. உதவி என்றும், உதவுகிறவர் என்றும் பொருள்படும். 1866-ம் ஆண்டு முதல் குஷ்டரோகம் கண்டவர்களை மோலோக்காய் தீவின் கலவுபாபா முனைக்குப் பிரித்து அனுப்பினார்கள். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. 1969 வரையில் சுமார் 8000 பேர் அப்படிப் போனார்கள். 1873-ல் அங்கே சென்று, அதே நோயால் 1889-ல் மரித்த அர்ச். தமியான் சுவாமியாரை நாம் அறிவோம். 2009-ல் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். ஆனால் அவர் கரையிறங்குமுன்னமே, நோயில்லாத மனைவிமாரும் கணவன்மாரும் உறவினரும் தங்களுடையவர்களை விடமாட்டோமென்று கூடவே போயிருந்தார்கள். அவர்களுக்குத்தான் கோக்குவா என்று பெயர். அந்தத் துணிவு ஒரே நாளில் வந்திராது. சிறுவயதில் வீட்டில் பழகியதென்றே நினைக்கிறேன்.

ஆகையால் "இரக்கமாயிரு" என்பதை விட்டு, "பாட்டிக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். பாதி வழியில் சிந்தும், திட்டாதேயுங்கள். நாலு நாள் சென்றபின் சொல்லாமலே செம்பை எடுக்கும்.

இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும், பாய் விரிக்குமுன் எல்லாரும் சற்று உட்காருங்கள். பகலில் கோபமாய்ப் பேசியவர் முதலில் பேசட்டும், அது தகப்பனாராயிருந்தாலும் சரி.