சாம்பிராணிக் காடு யாருடையது?

"இந்த நிலம் எனக்குச் சொந்தம்" என்கிறான் ஒருவன். எப்படிச் சொந்தம் என்று கேட்டால், பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறான். மற்றொருவன் பாட்டன் பெயரைச் சொல்கிறான். மூன்றாமவனோ பேசவில்லை, காய்ப்பேறிய கையை விரித்துக் காட்டுகிறான். பத்திரம், பாட்டன், பாடுபட்ட கை! இம்மூன்றில் உரிமைக்கு உண்மையான சான்று எது?

சட்டம் கற்றோர் நொடியில் விடை கூறிவிடுவர். அறம் அவ்வளவு விரைவில் விடை கூறுவதில்லை. ஆகவே இக்கேள்வியை நாம் ஓர் ஊருக்கு எடுத்துச் செல்வோம். இக்கேள்வியே உயிர்ப் பிரச்சினையாகிவிட்ட ஊர் அது.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், தோபா ஏரிக்குத் தென்மேற்கே, ஹும்பாங் ஹசுந்துத்தான் மாவட்டத்து மலைமேட்டில், பாண்டுமான், சிபித்துஹுத்தா என்னும் இரு சிற்றூர்கள் உள்ளன. பின்னதன் பெயருக்கு 'ஏழூர்' என்று பொருள். அங்கே வாழ்வோர் படாக் இனத்து மக்கள். வயலில் நெல், மேட்டில் காப்பி, காட்டில் சாம்பிராணி — இவையே அவர்தம் வாழ்வு.

ஆம், நாம் அறிந்த அதே சாம்பிராணிதான்! அந்த மலைகளுக்கு மேற்கே, கடற்கரையில், பாரூஸ் என்றொரு பழந்துறை உண்டு. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர் பெற்ற துறை. அதனருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. கடல் கடந்து சென்ற வணிகன் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். அவன் கல்லும் கதை சொல்கிறது. மலையேறி மரத்தைக் கீறிப் பால் எடுத்த உழைப்பாளியின் பெயரை எந்தக் கல் சொல்கிறது? பண்டம் மணக்கிறது, பாடுபட்டவன் மறைந்து போகிறான். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அந்த உழைப்பு எத்தகையது? சாம்பிராணி மரம் வெட்டவெளித் தோட்டப் பயிர் அன்று. காட்டு நிழலில், மற்ற மரங்களோடு மரமாக வளர்வது. நட்டவன் மறு ஆண்டே பயன் காண முடியாது. ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டும். மரம் பருவமெய்திய பின், உழைப்பாளி சோறும் கருவியும் சுமந்து காட்டுக்குள் போகிறான். சிறு குடிலில் நாட்கணக்கில் தங்குகிறான். பட்டையைத் துப்புரவாக்கிக் கீறிவிடுகிறான். காயத்தில் கசிந்த பால் உடனே கைக்கு வருவதில்லை. திங்கள் சில கழிந்து இறுகிக் கட்டியான பிறகே பெயர்த்தெடுக்க வேண்டும். தந்தை பேணிய மரத்தில் மகன் எடுக்கிறான். மகன் பேணும் கன்றில் பேரன் எடுப்பான். மரத்தைக் கொன்றவனுக்கு அங்கே வாழ்வில்லை. மரத்தை வாழ வைப்பவனுக்கே வாழ்வு.

இந்தக் காட்டுக்குப் பத்திரம் உண்டா? இல்லை. அங்கேதான் வந்தது தொல்லை.

1870இல் டச்சு ஆட்சி ஜாவாவில் ஒரு விதி செய்தது. தனக்கு உரியதென எவரும் மெய்ப்பிக்க இயலாத நிலமெல்லாம் அரசின் நிலம் என்றது. பின்னர் அவ்விதியைச் சுமத்ராவுக்கும் நீட்டியது. எவ்வளவு எளிய தந்திரம்! எழுதப்படாத உரிமையோடு வாழ்ந்தவனைப் பார்த்து, "எழுத்தைக் காட்டு, இல்லையேல் எழுந்து போ" என்பது. விடுதலை பெற்ற இந்தோனேசியா 1960இல் தன் நிலச் சட்டத்தை இயற்றி அவ்விதியை ஒழித்தது. நில உரிமை எதுவாயினும் அதற்குச் சமுதாயக் கடமை உண்டு என்றது அச்சட்டம். ஆணாயினும் பெண்ணாயினும் குடிமக்கள் யாவருக்கும் நில உரிமை பெறச் சம வாய்ப்பு என்றும் கூறிற்று. போற்றத்தக்க சொற்கள்! ஆனால் அச்சொற்கள் காட்டின் எல்லையிலேயே நின்றுவிட்டன. 1999ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம், மரபுவழிச் சமூகத்தின் எல்லைக்குள் இருக்கும் காட்டையும் 'அரசுக் காடு' என்றே வகுத்தது. டச்சுக்காரன் போனான், அவன் தந்திரம் போகவில்லை.

அரசுக் காடு என்றான பின், அதை யாருக்கு வேண்டுமானாலும் தலைநகரத்திலிருந்து வழங்கிவிடலாமன்றோ? வழங்கினார்கள். காகிதக் கூழுக்கு மரம் வளர்க்கும் நிறுவனத்தின் எல்லைக்குள் ஊராரின் சாம்பிராணிக் காடும் அடங்கிப் போயிற்று. 2009இல் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு ஊர் கொதித்தெழுந்தது. 2013 பிப்ரவரியில் ஊரார் பலர் கைது செய்யப்பட்டனர். அதே ஆண்டு மே 16ஆம் நாள், இந்தோனேசிய அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. மரபுவழிக் காடு பற்றிய அந்தச் சட்ட வாசகத்திலிருந்து 'அரசு' என்ற ஒரே ஒரு சொல்லை அடித்தது. ஒரு சொல்! அந்த ஒரு சொல்லில் எத்தனை ஊர்களின் உயிர் சிக்கிக் கிடந்தது!

2016 டிசம்பரில், அன்றைய குடியரசுத் தலைவர் ஜோகோ விடோடோ, இவ்வூர்களுக்காக 5,172 எக்டேர் காடு நிறுவன எல்லையிலிருந்து விலக்கப்படுவதாக அறிவித்தார். 2022இல் ஊராரின் மரபுவழிக் காடு என முறைப்படி வழங்கப்பட்டது ஏறக்குறைய 2,400 எக்டேர். அறிவிப்புக்கும் ஆணைக்கும் இடையே பாதிக்கு மேல் கரைந்து போயிற்று. பத்திரத்தின் பெருமை இதுதான். அது வேண்டும், அது இல்லாத ஏழையை உலகம் மிதிக்கிறது. ஆயினும் அது உரிமையைப் படைப்பதில்லை. இருக்கும் உரிமையை ஒப்புக்கொள்கிறது, அவ்வளவே. ஒப்புக்கொள்ள மறுத்த கையெழுத்தும் அதே மையால்தான் எழுதப்பட்டது.

அப்படியானால் பாட்டன் பெயர்தான் சான்றா? "எம் முன்னோர் காடு இது" என்று ஊரார் முழங்கும்போது நம் உள்ளமும் சேர்ந்து முழங்குகிறது. ஆனால் அன்புகொண்ட இடத்திலும் அறிவை உறங்கவிடுதல் தகாது. முன்னோர் யாருக்குக் கொடுத்தார்கள்? தோபா படாக் மரபில் குலம் தந்தை வழியே செல்வது. நிலம் மகனுக்கே சேர்வது. மகள் மணமுடித்து வேறு குலம் புகுபவள். ஆகவே அவளுக்குப் பங்கில்லை என்றது மரபு. அதே சுமத்ராவில் சற்றுத் தெற்கே, மினாங்கபாவு மக்களிடையே, குலச் சொத்து தாய் வழியே மகளுக்குச் செல்கிறது! ஒரே தீவு, ஒருவருக்கொருவர் அண்டை நாட்டார், அங்கே ஒரு நீதி, இங்கே ஒரு நீதி. சொத்து முறை இயற்கை வகுத்ததென்றால் இரண்டு எப்படி இருக்கும்? மனிதன் வகுத்தது, மனிதன் மாற்றலாம். மாற்றவும் செய்தார்கள். 1961இல் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம், காரோ படாக் குடும்பமொன்றின் வழக்கில், மகனைப் போலவே மகளுக்கும் தந்தை சொத்தில் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

இங்கே நாம் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1980களின் இறுதியில், தோபா ஏரிப் பகுதியின் சுகாப்பா என்ற சிற்றூரில், ஊர்ப் பொது நிலத்தில் நடப்பட்ட யூகலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கியதற்காகப் பத்துப் பெண்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். எண்ணிப் பாருங்கள். எந்த நிலத்தில் மகளுக்குப் பங்கில்லை என்று மரபு சொல்லிற்றோ, அந்த நிலத்தைக் காக்க அவ்வூர் மகளிர் முன்னே நின்றார்கள்! பத்திரம் அவர்கள் பெயரில் இல்லை. பாட்டன் அவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் அந்த நிலம் யாருடையது என்பதை அவர்களைவிட உறுதியாக எவர் மெய்ப்பித்தார்?

எனவே மூன்றாம் சான்றுக்கு வருகிறோம்: பாடுபட்ட கை. நாற்று நட்ட கை, காப்பி பறித்த கை, மரம் கீறிய கை. இதற்கும் மறுப்பு எழும். "நிறுவனமும் உழைக்கவில்லையா? அதுவும் கூலி கொடுத்துக் கன்று நட்டதே, அதற்கும் உரிமை உண்டன்றோ?" என்பர். உழைப்பு என்பது வெறும் வியர்வைக் கணக்கு அன்று என்பதே நம் விடை. பிறன் பேணிய மரத்தை வீழ்த்திவிட்டு அந்தக் குழியில் கன்று நடுவது உழைப்பு ஆகலாம், உரிமை ஆகாது. இன்று எடுத்து, நாளைக்கும் விட்டு வைத்து, தான் காணப் போகாத தலைமுறைக்காகப் பேணும் உழைப்பே உரிமையைப் பிறப்பிக்கிறது. அந்த அளவுகோலால் அளந்தால் மகனும் மகளும் சமம். ஊரானும் அரசும்கூடச் சமம். பேணாதவன் எவனாயினும் அவன் உரிமை தேயும். அழிக்கும் ஊரானுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு வினா எஞ்சி நிற்கிறது. இளைஞர் கேட்கும் வினா. "ஊர்ப் பொதுக் காட்டை நான் விற்க முடியாது, அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது. விற்க முடியாத சொத்து என்ன சொத்து?" படாக் மக்கள் கல்வியைப் பெரிதும் மதிப்பவர், பிள்ளைகளை மேதானுக்கும் ஜகார்த்தாவுக்கும் அனுப்பிப் படிக்க வைப்பவர். படித்தவன் திரும்பி வருவானா? பள்ளியில் பாடம் சொல்லும் நாம் இவ்வினாவை ஏளனம் செய்ய மாட்டோம். படிப்பு என்பது ஊரை விட்டு ஓடுவதற்கான பயணச் சீட்டு என்று ஆகிவிட்டால் குற்றம் பிள்ளையுடையது அன்று. கட்டிக்கு இறுதியில் என்ன விலை என்று அறியாமல் தரகனிடம் கொடுத்துவிட்டு வரும் தந்தையைக் கண்ட மகன், காட்டை எப்படி விரும்புவான்? ஆணை கொடுத்தால் மட்டும் போதாது. நேரிய விலையும், சாலையும், மருத்துவமும், பள்ளியும் அக்காட்டின் வாயில் வரை வர வேண்டும். அப்போதுதான் ஊரில் தங்குவதும் ஊரைவிட்டுப் போவதும் அவன் விருப்பம் ஆகும். வறுமை துரத்திப் போகிறவனுக்கு விருப்பம் ஏது?

விற்க முடியாத சொத்து என்ன சொத்து என்ற வினாவுக்கு விடை இதுதான்: அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. மூச்சுக் காற்றை எவரும் விற்பதில்லை. அதனால் அதற்கு மதிப்பில்லை என்று எவரும் சொல்வதில்லை. பத்திரம் அந்தப் பொறுப்பைப் பாதுகாக்கட்டும். பாட்டன் பெயர் அதை நினைவூட்டட்டும். உரிமையை வழங்குவது மட்டும் பேணும் கையாக இருக்கட்டும். அந்தக் கை ஆணின் கையா, பெண்ணின் கையா என்று கேட்கும் சட்டமும் மரபும் ஒழியட்டும்!