கடைசியில் வந்தவரின் கூலி

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தின் தென்கோடியில் உள்ளவை. அடுத்த அடியில், களியக்காவிளையில், தமிழகம் தொடங்குகிறது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் மண் அது. 1888-இல் ஸ்ரீநாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறமும் அந்த நெய்யாற்றின் கரையில்தான் உள்ளது.

இவ்வெல்லைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மாணவர், முதுகலை ஆய்வுக்காக மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்து உவமையை எடுத்துக்கொள்கிறார் என்று கொள்வோம். திராட்சைத் தோட்டத்து உரிமையாளர் விடியற்காலையில் கூலியாட்களை அமர்த்துகிறார். பின்னரும் நான்கு முறை சென்று, கடைசியாக மாலை ஐந்து மணியளவிலும் ஆட்களை அழைக்கிறார். அனைவருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இதற்கு விளக்கங்கள் பல. ஆரிஜன், அந்த வேளைகளை மனித வாழ்வின் பருவங்களாகக் கண்டார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் யூலிஷர், ஒவ்வொரு சொல்லிலும் மறைபொருள் தேடும் முறையை மறுத்தார். ஜான் ரஸ்கின் தம் நூலுக்கு இவ்வுவமையிலிருந்தே தலைப்பை எடுத்தார். 1904-இல் அதைப் படித்த காந்தியடிகளின் வாழ்க்கை மாறியது. 1908-இல் அதன் கருத்தை ‘சர்வோதயம்’ என்று குஜராத்தியில் தந்தார்.

இவற்றையெல்லாம் தொகுத்து ஆய்வேடு முடிந்துவிடலாம். ஆனால் உவமை முடிவதில்லை. மாலைவரை நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். தங்களை யாரும் அழைக்கவில்லை என்றே அவர்கள் கூறுகின்றனர். நெய்யாற்றின்கரைக்கு அருகேயுள்ள ஊரூட்டம்பலத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை அய்யன்காளி பள்ளியில் சேர்க்க முயன்றார். பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. அழைக்கப்படாதவர் யார் என்பதை அந்த மண் அறியும்.

இங்கேதான் ஆய்வாளருக்குச் சோதனை. பட்டம் கைக்கு வந்ததும், ‘நான் பகலெல்லாம் வெயிலில் உழைத்தவன்’ என்ற எண்ணம் எழுமானால், உவமையை விளக்கியவரே அதில் முணுமுணுப்பவராகிவிடுகிறார். பல்லாண்டு ஜபமும் தியானமும் செய்த சாதகருக்கும் இதே அபாயம் உண்டு. நேற்று வந்தவருக்கு அருள் கிடைத்தால் அவர் உள்ளம் சுருங்குகிறதா, மலர்கிறதா?

கேட்பது சிரவணம், ஆராய்வது மனனம். பின்னால் வந்தவரின் நிறைவில் தன் நிறைவைக் காண்பதே நிதித்யாசனத்தின் கனி. உழைப்பை அளப்பவன் மனிதன். பசியை அறிபவன் இறைவன்.