குனிந்து பார், தம்பி!

"வண்டிக்கும் வயசாயிருச்சு, எனக்கும் நேரம் சரியில்ல அண்ணே. பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னு இருக்கேன்."

ஆவூரில் மாதா கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்ற டீசல் ஜீப்பைக் காட்டி நீ சொன்ன வார்த்தை இது. மூன்று வருஷம் வளைகுடா வெயிலில் கம்பி கட்டியவன் நீ. ஊர் திரும்பினாய், புது பேட்டரி வாங்கிப் போட்டாய், சாவியைத் திருப்பினாய், பற்றிக்கொண்டது. விராலிமலை ரோட்டைத் தொடுவதற்குள் இழுவை போய் நின்றுவிட்டது. பில்டர் மாற்றினாய், ஓடியது. இரண்டாம் நாள் நின்றது. இன்னொரு பில்டர். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். கூடவே நீயும் பிதுக்கினாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

மூன்று பில்டர் மாற்றிய கை ஒரு தடவையாவது டேங்குக்கு அடியில் போனதா?

ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் விட்டு, விடியற்காலையில் டேங்கின் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதைத் திண்ணையில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தோம். மேலே மஞ்சளாய் டீசல். கீழே நாலு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். இரண்டும் தொடுகிற இடத்தில், காய்ச்சி ஆறிய பாலின் ஆடை மாதிரி ஒரு பழுப்புத் தோல். பாட்டிலைச் சாய்த்தால் அது கிழியாமல் வளைந்து கொடுத்தது. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதுவா அண்ணே என்னை மூணு மாசமா அலைக்கழிச்சது?" என்றாய்.

இதுதான்! கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் பாக்டீரியாவும் கூடிக் கட்டிய வீடு அது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்று அந்தப் பூஞ்சைக்கு ஒரு பேர் உண்டு. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றும் சொல்வார்கள். அது டீசலையே தின்னும். ஆனால் டீசலில் மட்டும் வைத்தால் அதனால் பெருக முடியாது. அதற்குத் தண்ணீர் வேண்டும், அசைவில்லாத நாட்கள் வேண்டும். மூன்று வருஷம் பாதி டேங்கோடு வண்டியை நிறுத்திவிட்டுப் போய் இரண்டையும் நீயே கொடுத்தாய்.

பங்க்காரரைத் திட்டினாயே, அது பாவம். ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது இப்போதைய பி.எஸ்.6 விதி. உன் டேங்கில் இருந்தது காற்று கொண்டுவந்த தண்ணீர். பகலில் டேங்க் சூடாகி உள்ளிருக்கும் காற்று வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் ஈரக்காற்று உள்ளே வரும், காலியாக இருக்கும் மேல்சுவரில் வியர்க்கும், சொட்டுச் சொட்டாக இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். மூன்று வருஷத்துச் சொட்டுகள் அவை, தம்பி! ஒரே நாளில் உன்னை எந்த விதியும் வந்து அடித்துவிடவில்லை.

இது உனக்கு மட்டும் வந்த சோதனை என்றும் நினைக்காதே. 1950-களின் கடைசியில் அமெரிக்க வான்படையின் ஜெட் விமானங்களிலேயே இந்தக் கூட்டம் குடியேறியது. பில்டர் அடைத்தது, அலுமினிய டேங்கை அரித்தது. அவர்கள் விமானங்களைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. தண்ணீரை வடித்தார்கள், மருந்து கலந்தார்கள், டேங்குகளைப் பார்க்கும் முறையையே மாற்றினார்கள். ஆகாயத்தில் பறந்தவனும் அடித்திருகுக்குக் குனிந்துதான் ஆக வேண்டியிருந்தது.

இதே குணத்தை நல்லதுக்குப் பயன்படுத்தப் பார்த்தவரும் உண்டு. மேற்கு வங்கத்துச் சைந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைக் கடலில் கொட்டிய எண்ணெயைத் தின்ன வைத்தால் என்ன என்று யோசித்தார். அப்படி ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை கேட்டார். உயிருள்ளதற்குக் காப்புரிமையா என்று மறுத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. உன் ஜீப்பைக் கெடுத்த கூட்டத்தின் உறவுக்காரன்தான் அந்தப் பாக்டீரியா!

சரி, வேலைக்கு வா. வடித்தது பாதிதான். டேங்கை இறக்கு. ஒட்டியிருக்கும் வழவழப்பைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் முழுசாகக் காயவை. கையுறை போட்டுக்கொள். பெட்ரோல் ஊற்றி அலசலாம் என்று எவனாவது யோசனை சொன்னால் அவனைத் தெருவுக்கு அனுப்பு. டேங்கில் ஓட்டை இருந்து வெல்டிங் வைக்க வேண்டுமென்றால், அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடு. காலி டேங்கின் ஆவி குண்டு மாதிரி வெடிக்கும். வடித்த கசடை வயலிலோ கண்மாயிலோ ஊற்றாதே. பைப்புகளை ஊதிச் சுத்தம் செய், புது பில்டர் போடு, கைப்பம்பை அமுக்கி ஏர் எடு. டீசலுக்கென்று விற்கும் கிருமிக்கொல்லி மருந்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றாதே.

இதற்குப் பிறகும் வண்டி ஒரு தடவை நிற்கலாம். செத்த கிருமியின் கசடும் வந்து பில்டரை அடைக்கும். அந்த நிமிஷம்தான் உனக்குப் பரீட்சை! மறுபடியும் ராசி, நேரம் என்று ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பையில் இன்னொரு பில்டர் இருக்கட்டும். ரோட்டோரத்தில் நிறுத்து, மாற்று, ஏர் எடு, கிளம்பு.

என்னால் ஆகுமா என்று கேட்கிறாயா? எந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாய்? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், இதே புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயலில் கூலிக்குப் போனவர்கள். ஊர் சிரித்தது, கண்டபடி பேசியது. முட்டியைச் சிராய்த்துக்கொண்டு விழுந்தார்கள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்ப ஏறினார்கள். கேரியரில் தண்ணீர்க் குடத்தையும் முன்னால் பிள்ளையையும் வைத்துக்கொண்டு மிதித்தார்கள். அந்தத் தலைமுறை அம்மாக்களின் பிள்ளை நீ! ஒரு திருகைத் தளர்த்த உனக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டுமா?

வெளிநாட்டில் அடுக்குமாடிக்கு இரும்பு கட்டினாய். மொழி தெரியாத மேஸ்திரியிடம் வேலை கற்றாய். அந்தக் கை இப்போது நெற்றியில் அடித்துக்கொள்ளவா வந்தது? உன் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பம்பையும் நாசிலையும் அந்த அமிலக் கசடு தின்பதற்குள் முந்திக்கொள். இன்னும் ஆறு மாசம் அப்படியே விட்டால் நான் இதே வார்த்தையைச் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை காலை வருகிறேன். டேங்க் இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பாட்டிலைத் தேய்த்துக் கழுவி வை, திரும்பவும் பிடித்துப் பார்க்கணும்.