காலி ஓடும் சாட்சியும்

சாந்தோம் மாதாகோவிலில் ஒரு கல்லறை இருக்கிறது. அதில் கிடந்தவரின் எலும்புகள் எடெஸாவுக்குப் போய், 1258-ல் இத்தாலியின் ஓர்தோனாவை அடைந்ததாக மரபு. அதே நெடுஞ்சாலையில் சற்றுத் தள்ளி இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையம். அங்கே உடலை இழந்த சங்கும் சிப்பியும் பெயர்ச்சீட்டோடு அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே காரியம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உள்ளிருந்தது போன பிறகு, எஞ்சிய கூட்டை வைத்து இருந்ததைப் பற்றிப் பேசுவது.

குகைநீர் நத்தைகள் விஷயத்தில் இந்தப் பேச்சு அதன் எல்லைக்கே போய்விடுகிறது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடும் நீரில், வெளிச்சம் எட்டாத இடத்தில் வாழும் இவை பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான். கண் இல்லை, அல்லது கண் இருந்த தடம் மட்டும் இருக்கிறது. நிறமும் இல்லை. மனிதன் நுழையக்கூடிய குகை அந்த நீர்வெளியில் மிகச் சிறு பகுதி, மற்றதெல்லாம் விரிசல். ஆகவே பால்கன் பகுதியின் டினாரிக் மலைகளில் பல இனங்கள் அறியப்பட்டதே, ஊற்றுவாயில் நீர் தள்ளிய வெற்று ஓடுகளால்தான். ஓட்டை அளந்து, வரைந்து, லத்தீனில் பெயரும் சூட்டியாயிற்று. உடலைக் கண்டவர் இல்லை. ஓடோ நம்பத்தகுந்ததல்ல. ஒரே இனத்தின் இரு ஓடுகள் இரண்டு பெயர் பெற்றுவிடலாம். ஒரே மாதிரியான ஓடுகளுக்குள் வேறு வேறு உயிர்கள் இருந்திருக்கலாம். இந்த நத்தைகளின் பரவலைக் காட்டும் வரைபடத்தில் பல புள்ளிகள் வாழ்ந்த இடத்தைக் குறிப்பதில்லை. பிணம் ஒதுங்கிய இடத்தைக் குறிக்கின்றன.

காயத்தில் விரல் வைத்தாலொழிய நம்பமாட்டேன் என்றவரின் பெயரால் விளங்கும் ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்கிறேன். தோமாவின் கோரிக்கையில் எனக்கு என்றும் அனுதாபம் உண்டு. ஆனால் இங்கே பார்ப்பதற்கு விளக்கு வேண்டும். விளக்கு போனால் அந்த இடம் அந்த இடமாக இராது. மேகாலயாவின் மௌஸ்மாய் குகையில் பயணிகளுக்காக மின்விளக்கு போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து 2021-ல் ஜியோரிஸ்ஸா மௌஸ்மாயென்ஸிஸ் என்ற நுண்ணிய நத்தை விவரிக்கப்பட்டது. அது நீர்நத்தை அல்ல, குகைச்சுவரின் ஈரத்தில் வாழ்வது. இப்படி விளக்கு படும் சுவர்களில் பாசி பிடிக்கிறது. பெயர் கிடைத்த இடத்திலேயே இருட்டு பறிபோய்விட்டது.

யாரும் காணாத ஓர் உயிர் நம்மிடம் எதைக் கோர முடியும்? பயன், அழகு, நமக்கு அதோடுள்ள உறவு என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இங்கே செல்லாது. யாரும் படிக்காத கவிதையைப் போலத்தானே என்றார் ஒரு நண்பர். நம் கூட்டத்துக்குச் சுகமான உவமை. நான் ஒப்பவில்லை. படிக்கப்படாத கவிதையை எழுதியவனாவது படித்திருப்பான். நத்தைக்குத் தன்னைக் காண ஒரு கண்கூட இல்லை. அப்படியானால் அதன் இழப்பு இழப்பே அல்ல என்று முடித்துவிடலாமா? மிஸௌரியில், டம்ப்ளிங் க்ரீக் குகையின் ஓடை ஒன்றே உலகில் தன் இடம் என்று வாழும் நத்தை 1971-ல் விவரிக்கப்பட்டது. அப்போது கற்களின் அடிப்புறத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது. பிறகு எண்ணச் சென்றவர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பினார்கள். 2002-ல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். மேல்நிலத்தில் காட்டை வெட்டியதால் கரைந்து வந்த வண்டல் கற்களின் இடுக்கை மூடியிருக்கலாம் என்கிறார்கள். வெட்டியவன் நத்தையைப் பார்த்ததில்லை, நத்தையும் அவனைப் பார்த்ததில்லை. ஆனால் காரியம் நடந்துவிட்டது. பார்வை இல்லாமலேயே தீங்கு போய்ச்சேரும் என்றால், பொறுப்புக்கு மட்டும் சாட்சி வேண்டும் என்பது நமக்கு வசதியான தர்க்கம். வேறொன்றுமில்லை.

கேரளத்தில் இந்தச் சாட்சி கிணற்றின் வழியாக வந்தது. கோட்டயத்துக் கிணற்று நீரில் கிடைத்த குருட்டுக் கெளுத்தி 1950-ல் விவரிக்கப்பட்டது. 2023-ல் அதன் இன்னொரு இனத்துக்கு ஹொராக்ளானிஸ் பாப்யுலி என்று மக்களின் பெயரையே வைத்தார்கள். கிணற்றிலும் தொட்டியிலும் அகப்பட்டதை வீட்டுக்காரர்களே எடுத்துச் சொன்னார்கள் என்பதற்காக. இறைத்தவன் பார்த்தான், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி விட்ட நாட்களில் நீரோடு ஏதாவது மேலே வரும். இலை, தவளைக்குஞ்சு, ஒரு முறை அரிசி அளவில் ஒரு நத்தை. குகைநத்தை அல்ல, சாதாரணமானது. உயிரோடிருக்கிறதா என்று அம்மா விரலால் தொட்டுப் பார்த்தாள். அது ஓட்டுக்குள் சுருங்கிற்று. வாளி நீரோடு அதைக் கிணற்றிலேயே திரும்ப ஊற்றிவிட்டு, மறுபடி இறைத்தாள். பிறகு கிணற்றை மூடி ஆழ்குழாய் போட்டோம். வடிகட்டியைத் தாண்டி இப்போது தண்ணீர் மட்டும் வருகிறது.