சாட்சிகளின் கண்ணீர்

கல்யாணத்தில் ஏன் அழுகிறார்கள் என்று கேட்டால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகிறாள் என்பது ஒன்று. அது ஆனந்தக் கண்ணீர் என்பது மற்றொன்று. இரண்டையும் உரசிப் பார்க்கக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் போல இன்னோர் இடம் வாய்க்காது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு, வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், லைன் வீடுகளில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். வரிசை வரிசையாக ஒட்டுச்சுவர் வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்யும் வழக்கமும் அவர்களோடு கூடவே போனது. ஆக, மணப்பெண் போகிற தூரம் பல சமயம் அடுத்த லைன்தான்; மாமியார் என்பவள் பேச்சு வந்த நாள் முதல் அவள் அத்தை என்று கூப்பிட்டவள்தான். பிரிவுதான் காரணம் என்றால் இந்தக் கல்யாணங்களில் யார் கண்ணும் கலங்கக் கூடாது. ஆனால் கலங்கத்தான் செய்கிறது.

எல்லாம் கெட்டிமேளத்தின் வேலை என்பவர்களும் உண்டு. தவிலும் நாதஸ்வரமும் ஒரே மூச்சில் உச்சத்துக்கு ஏறும்போது நெஞ்சு அதிர்வது உண்மையே. ஆனால் தங்கவயலில் எல்லாக் கல்யாணமும் மேளத்தை நம்பி நடந்ததில்லை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளைவிட்டது. 1920களில் ஜி. அப்பாதுரையார் அயோத்திதாசரின் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்து மறுபடி நடத்த, சுயமரியாதைக் கருத்துகளும் வேர் பிடித்தன. புரோகிதர் இல்லாத திருமணம் அந்த ஊருக்குப் புதிதல்ல. கிறித்தவர்கள் கோயிலில் கைப்பிடிக்கிறார்கள். அவர்கள் வாக்குறுதியில் நோயும் துன்பமும் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகின்றன. சாமி வேறு, மந்திரம் வேறு, சில பந்தல்களில் இரண்டுமே கிடையாது. எங்கும் மாறாமல் இருப்பது, நாலு பேர் முன்னால் இரண்டு பேர் சொல் கொடுப்பது மட்டும்தான். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டம்கூட அக்கினியை விட்டது, புரோகிதரை விட்டது. உற்றார் உறவினர் அல்லது பிறர் முன்னிலை என்பதை மட்டும் விடவில்லை. (அந்தச் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிட்டதால் தங்கவயலுக்கு அதன் கை எட்டவில்லை என்பது வேறு கதை.)

எனவே அழுகையின் காரணத்தை மணமக்களிடம் தேடுவதைவிடச் சாட்சிகளிடம் தேடுவதே சரி என்று நினைக்கிறேன். தாலி கட்டுவதற்கு முன் ஒரு தட்டு பந்தலைச் சுற்றி வரும். அட்சதைக்கு நடுவில் தேங்காய், அதன் மேல் மஞ்சள் காயாத கயிற்றில் தாலி. இளவட்டங்கள் ஒரு விரலால் தொட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். வயதானவர்கள் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தட்டு பிடித்திருப்பவர் அவர்களுக்காகக் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். அந்தக் கயிறு எதையெல்லாம் தாங்க வேண்டிவரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம். உள்ளே பாறை வெடித்துச் சிதறினால் மேலே வீடுகள் வரை அதிரும். அதில் தப்பியவர்களையும் நுரையீரலில் படிந்த கல்தூசு சிலிகோசிஸாக வந்து மெல்லத் தின்றது. அப்படிப்பட்ட ஊரில் கடைசிவரை கூட இருப்பேன் என்ற சொல்லை மணமக்கள் அதன் விலை தெரியாமல் சொல்கிறார்கள், சுற்றி நிற்பவர்கள் தெரிந்து கேட்கிறார்கள். கண்ணீர் வருவது அங்கேதான்.

நிச்சயதார்த்தத்தில் இது இன்னும் வெளிப்படை. மண்டியிட்டு மோதிரம் நீட்டும் காட்சி நமக்கு சினிமா வழியாக வந்தது. நம்முடையது வெற்றிலை பாக்கு மாற்றுவது. மாப்பிள்ளை வீட்டார் 'பணம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு' என்பார்கள். பெண் வீட்டார் அதைத் திருப்பி, 'பணம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு' என்பார்கள். கேட்பதற்கு வியாபாரம்தான்; பெண்ணின் வாயில் ஒரு வார்த்தைகூட இல்லை என்ற குறையும் நியாயமானதே. இருந்தும் தொண்டை அடைத்துக்கொள்வது எங்கே என்று பாருங்கள்: பெண்ணைப் பெற்றவன் தன் முறை வந்து அதைச் சொல்லும்போது. நேற்றே வீட்டுக்குள் முடிவான விஷயம்தான். சபையில் சொன்ன பிறகு திரும்ப வாங்க முடியாது என்பதுதான் புதிது.

அவரவர் தம் கல்யாணத்தை நினைத்துத் தமக்காகவே அழுகிறார்கள் என்பது வலுவான மறுப்பு. பாதி ஒப்புக்கொள்கிறேன். தன் கதை தெரியாதவருக்கு இன்னொருவரின் சொல் எவ்வளவு கனம் என்று எப்படித் தெரியும்? யேல் பல்கலைக்கழகத்தில் ஒரியானா அரகோன் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, பொங்கி வரும் மகிழ்ச்சியைச் சமன்படுத்தவே கண்ணீர் வருகிறது என்ற விளக்கத்தை முன்வைத்தது. இருக்கலாம். கண்ணீர் என்ன செய்கிறது என்பதற்கு அது பதில். விருந்திலும் புகைப்படத்திலும் வராத கண்ணீர் அந்த ஒரு கணத்தில் ஏன் வருகிறது என்பதற்கு அல்ல. சுரங்க ஆபத்தால் வந்த அழுகை சுரங்கத்தோடு போயிருக்க வேண்டாமா என்றும் கேட்கலாம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயல்காரர்கள் விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். பாறை இடியும் பயம் போய், வேலை நிலைக்குமா, வாடகை கட்ட முடியுமா, உடம்பு தாங்குமா என்ற பயங்கள் வந்திருக்கின்றன. எந்த ஊர் மண்டபத்திலும் பெரியவர்கள் மனதில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். சுரங்கம் அதை மறைக்க முடியாதபடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தத் தட்டு பந்தலில் எல்லோரிடமும் போவதில்லை. புருஷனை இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பல குடும்பங்களில் அது திரும்புவதே இல்லை. இருமி இருமி ஓய்ந்த கணவனைப் பாயில் வைத்துக் கடைசி நாள் வரை பார்த்தவளைவிட அந்த வாக்கை நன்றாக அறிந்த சாட்சி அங்கே யார் இருக்கிறார்கள்? சகுனம் சரியில்லை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களே முந்தின நாள் ராத்திரி அவளைக் காய் நறுக்கக் கூப்பிடத் தயங்குவதில்லை.