திரௌபதி கேட்ட கேள்வி

ஆரணியில், விடிவதற்கு முன்பே தறிச் சப்தம் தொடங்கிவிடுகிற தெருக்களில் ஒன்றில், எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில், அண்மையில் 18 வயது நிரம்பிய பெண் ஒருத்தி இருக்கிறாள். கல்லூரியில் படிக்கிறாள், விடுமுறை நாட்களில் தகப்பனாருக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறாள். படிவம் 6-ஐத் தானே நிரப்பி, பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து, தபாலில் வந்த வாக்காளர் அட்டையைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டவள் அவள். அவ்வளவு சிரத்தையோடு முதல் வாக்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவளுக்கு, தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கையில், இரவு பத்து மணிக்கு மேல், ஒரு தர்மசங்கடம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் பட்டியல், மற்றவர் கையில் கற்பூரத் தட்டு. வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டார்கள். "அஞ்சு" என்றார் தாத்தா. ஐந்துக்கும் பணம் எண்ணி வைக்கப்பட்டது. தாத்தா எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, ஐந்தும் தப்பாது என்று சத்தியம் செய்தார். மறுநாள் காலையில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அவரு ஓட்ட அவரு குடுக்கட்டும் பெரியப்பா. என் ஓட்டுக்கு என்னக் கேக்காம அவரு எப்படிச் சத்தியம் பண்ணலாம்? இப்ப நான் மாத்திப் போட்டா பாவம் யாருக்கு?" என்றாள்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் படித்தவர்களில் உண்டு. என்னால் அப்படிச் செய்ய இயலவில்லை. சட்டம் இதற்கு உடனே விடை சொல்லிவிடும் என்பது உண்மையே. சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்யப்படும் உடன்பாடு செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. வாக்குக்குக் கையூட்டுத் தருவதையும் பெறுவதையும் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தேர்தல் முறைகேடு என்கிறது. ஆனால் அந்தக் கிழவர் பயப்படுவது கோர்ட்டுக்கு அல்ல, கற்பூரத்துக்கு. கற்பூரத்துக்குப் பயப்படுகிறவரிடம் சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்வது, ஜுரத்தோடு வந்தவனுக்குப் பஞ்சாங்கம் வாசிப்பதைப் போன்றது.

அவருடைய அச்சத்துக்கு ஒரு பூர்வகதையும் உண்டு. தறிக்காரன் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது, கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ, இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம்; வாங்கியவன் அது தீரும்வரை வேறொருவர் பாவைத் தன் தறியில் ஏற்றக் கூடாது என்பது எழுதப்படாத சாசனம். வாங்கின காசு கையைக் கட்டும் என்பதை இளமை முதல் உடம்பாலேயே கற்றுக்கொண்ட ஒரு மனிதர், ஓட்டுக்கு வாங்கின காசும் அவ்வாறே கட்டும் என்று நினைப்பதில் வியப்பென்ன? நம்முடைய பாஷையோ இந்தக் குழப்பத்தை இன்னும் இறுக்கி முடிச்சிட்டு வைத்திருக்கிறது. கொடுத்த சொல்லுக்கும் வாக்கு என்று பெயர். சாவடியில் அளிப்பதற்கும் வாக்கு என்று பெயர். இரவிலே கொடுத்த வாக்கு ஒன்று, பகலிலே அளிக்கும் வாக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாதபோது எந்த வாக்கு வெல்லவேண்டும் என்பதே, வேறு விதமாகச் சொன்னால், அந்தப் பெண்ணின் வினா.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும்போது, பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாட்கள் செல்லும், படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் பிரம்மாண்டமாய் விழுந்து கிடப்பான், தீமிதியோடு முடியும். ஆகையால் இங்கே தர்மவிசாரம் என்றால் சாஸ்திரப் புத்தகத்தைத் தேடுவதற்கு முன் கூத்துக் களரியைத்தான் நினைப்பார்கள். நான் அந்தக் கிழவரோடு பேச உட்கார்ந்தபோது அவர் எடுத்த எடுப்பிலேயே கர்ணனைச் சாட்சிக்கு அழைத்தார். தான் யாருடைய பிள்ளை என்று தெரிந்த பிறகும், எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் சொந்தத் தம்பிகள் என்று தெரிந்த பிறகும், செஞ்சோற்றுக் கடனுக்காக நின்றானே, அவனைவிடவா நாம் தர்மம் தெரிந்தவர்கள் என்று கேட்டார். கர்ண மோட்சம் பார்த்து அழாதவர் எவரும் இந்த வட்டாரத்தில் இல்லை. எனக்கும் ஒரு கணம் வாய் அடைத்துத்தான் போயிற்று.

ஆனால் யோசித்துப் பார்த்தால், கர்ணன் கடன் தீர்த்தது தன் உயிரால். பிறர் உயிரால் அல்ல. கவச குண்டலத்தைக் கொடுத்தான், அவை அவனோடு பிறந்தவை. அவன் உண்ட சோறும் துரியோதனன் வீட்டுச் சோறு. நடு இரவில் பட்டியலோடு வருகிறவர் நீட்டும் நோட்டு யார் வீட்டுச் சோறு? வென்ற பிறகு சாக்கடையிலும் சாலையிலும் குடிநீர்க் குழாயிலும் அது திரும்ப எடுக்கப்படும் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். நம் பாவிலிருந்து உருவிய ஜரிகையை நமக்கே கூலியாக அளந்து கொடுப்பவனுக்கு நாம் செஞ்சோற்றுக் கடன் பட்டவர்கள் ஆவோமா?

பாரதம் சத்தியத்தைப் போற்றுகிற அளவுக்கு, யோசனையில்லாமல் செய்த சபதத்தைக் கண்டிக்கவும் செய்கிறது. காண்டீவத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடு என்று சொல்பவனைக் கொல்வேன் என்று சபதம் பூண்டிருந்த அர்ஜுனன், அதே சொல்லைத் தமையனார் வாயிலிருந்து கேட்டபோது வாளை உருவிவிட்டான். கண்ணன் தடுத்து, திருடர்களுக்கு மெய்யைச் சொல்லி வழிப்போக்கர்களைக் கொல்லக் கொடுத்து நரகம் புகுந்த கௌசிகன் என்னும் தபஸ்வியின் கதையைச் சொன்னான். சொன்ன சொல்லைக் காப்பது தர்மந்தான். அந்தச் சொல் எதைக் கொன்று நிற்கிறது என்று பார்ப்பதும் தர்மமே.

இவை இரண்டும் தாத்தாவுக்குச் சொல்லவேண்டிய விடைகள். பேத்தியின் கேள்வி வேறு. அது அம்மனுடைய கேள்வியே. அஸ்தினாபுரத்துச் சபைக்கு அழைக்க வந்த தேர்ப்பாகனிடம் திரௌபதி அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரு வழக்கறிஞரைப் போல ஒரே வினாவைத் திருப்பி அனுப்பினாள்: தர்மபுத்திரர் முதலில் தோற்றது தம்மையா, என்னையா? தம்மைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்கும் பாத்தியதை ஏது என்பதே அதன் உட்கருத்து. பீஷ்மர் தர்மம் சூட்சுமமானது என்று சொல்லி ஒதுங்கினார். நூற்றுவரில் ஒருவனான விகர்ணன் மட்டும் எழுந்து, ஐவருக்கும் உரியவளை ஒருவர் தனித்துப் பணயம் வைத்தது செல்லாது என்றான். எத்தனையோ பெரியவர்கள் இருந்த சபையில் அந்த நியாயத்தை எடுத்துச் சொல்ல ஓர் இளையவன் வேண்டியிருந்தது. கற்பூரத்தைக் கையால் அணைத்து ஐந்து வாக்கைப் பணயம் வைத்தவர், அவற்றில் நான்கு தம்முடையவை அல்ல என்பதை நினைக்கவில்லை. ஐந்தாவதாவது முழுமையாகத் தம்முடையதா என்றால், அதிலும் எனக்கு ஐயம் உண்டு.

இதை நெசவுக்காரர் அறிந்த விதத்திலேயே அவரிடம் சொன்னேன். முதலாளி பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கிறார். சேலை நெய்து முடிந்ததும் அது மறுபடியும் தராசில் ஏறுகிறது. அது உங்கள் வீட்டில் இருக்கிறது, உங்கள் தறியில் இருக்கிறது, உங்கள் விரல் படாமல் ஓர் இழைகூட நகராது. ஆயினும் அடகுக் கடையில் அதை வைக்க உங்களுக்குப் பாத்தியதை உண்டா? வாக்கும் அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட பாவுதான். அதைக் கொண்டு நெய்யப்படுவது உங்கள் வீட்டுச் சேலை மட்டும் அல்ல. உரிமை இல்லாத பொருளின் மேல் செய்த சத்தியம் அந்தப் பொருளைக் கட்டாது; செய்தவருடைய நாவை மட்டுமே கறைப்படுத்தும். பாவம் யாருக்கு என்று அவள் கேட்டாளே, அவள் வாக்கை மாற்றிப் போடுவதில் பாவமே இல்லை; ஏனெனில் மாற்றுவதற்கு அவள் எதையும் கொடுத்திருக்கவில்லை.

குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்று வைத்திருந்தால் தாத்தாவின் கணக்குச் சரியாக இருந்திருக்கும். குடியரசு அப்படி வைக்கவில்லை. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது, வட மாநிலங்களில் பெரும்பாலும், தம் பெயரைச் சொல்ல மறுத்து இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிவு செய்துகொண்ட சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்களைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கும்படி நேர்ந்தது. கடுமையான காரியம், ஆனால் வாக்கு வீட்டுக்கு அல்ல, ஆளுக்கு என்பதை அந்தக் கடுமை நாட்டுக்குப் போதித்தது. 21 வயதில் கிடைத்துக்கொண்டிருந்த அந்த உரிமை, 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் 1989 முதல் 18 வயதிலேயே கிடைக்கிறது.

"எல்லாரிடமும் வாங்கிக்கொள், மனசாட்சிப்படி போடு" என்று மேடையில் உபதேசிக்கும் பெரியவர்கள் உண்டு. சாமர்த்தியமான யோசனை, எனக்கு அது சம்மதம் இல்லை. ஏழையிடம் முதலில் கையூட்டைத் திணித்து, பிறகு வஞ்சனையையும் கற்றுக் கொடுக்கும் உபதேசம் அது. 1922-இன் தொடக்கத்தில், இங்கிருந்து வடக்கே சற்றுத் தூரத்திலுள்ள வேலூர்ச் சிறையில் இருந்த ராஜாஜி, சுயராஜ்யம் வந்ததும் தேர்தல்களும் அவற்றின் ஊழலும் பணத்தின் ஆதிக்கமும் நம் வாழ்வை வாட்டும் என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதே வேலூர்த் தொகுதியில், 2019 ஏப்ரலில், பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் பணம் பிடிபட்டதை ஒட்டி, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தலே ரத்தாயிற்று. ஆரணித் தொகுதியினர் 18-ஆம் தேதி வாக்களித்துவிட்டு வந்தார்கள். அண்டைத் தொகுதிக்காரர்கள் ஆகஸ்டு 5 வரை காத்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு பயமும் இருந்தது: யாருக்குப் போட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ? தெரியாது என்று விளக்கினேன். முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிப்பார். அடுத்தவர் இடதுகை ஆள்காட்டி விரலில், 1962 முதல் மைசூரிலிருந்து வரும் மையை இடுவார். மூன்றாமவர் கருவியைத் திறந்து விடுவார். பிறகு அட்டை மறைவுக்குள் அவள் ஒருத்தி மட்டும். நீலப் பொத்தானை அழுத்தியதும் சின்னமும் பெயரும் அச்சான சீட்டு ஏழு வினாடி கண்ணாடிக்குள் தெரிந்து, பெட்டிக்குள் விழுந்துவிடும். அதில் அவள் பெயர் இருக்காது. பாட்டி, அம்மா, அத்தை, அண்டை வீடு என்று எப்போதும் நாலு கண் நடுவே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, அந்த ஏழு வினாடியைப் போன்ற ஏகாந்தம் வேறெங்கும் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

பணத்தை என்ன செய்வது என்று தாத்தா கேட்டார். அம்மன் உண்டியலில் போட்டுவிடலாமா என்றார். அம்மனை இதில் இழுக்காதீர்கள் என்றேன். உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 921-ஆம் ஆண்டளவில் பொறித்த குடவோலைக் கல்வெட்டு, கையூட்டு வாங்கியவன் பிராயச்சித்தம் செய்து சுத்தனான பிறகும் உயிருள்ளவரை வாரியத்துக்கு ஆகான் என்று விதித்திருக்கிறது. அது ஓர் அந்தணர் சபையின் விதி, தறிக்காரருக்கு அங்கே இடமே இல்லை. ஆனாலும் அந்த ஒரு விதியை அவருக்குச் சொன்னேன். வாங்கியது எந்தத் தட்டிலிருந்தோ அந்தத் தட்டிலேயே திரும்ப வைப்பதொன்றே வழி என்று என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அவர் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு பட்டியல்காரரைத் தேடிப் போய், "என் பேத்தி ஓட்டு என் கணக்குல வராது" என்று சொல்லி, ஐந்தில் ஒரு பங்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வாக்குப்பதிவு அன்று அவள் காலை ஏழு மணிக்கே நகராட்சிப் பள்ளியின் வரிசையில் நின்றாள். அவர் பத்து மணிக்குப் போனார், தனியாக.